முதல் பொத்தானை அழுத்திய கை

“அசையாம நில்லு. அவன் இன்னும் கேட்டத் தாண்டல,” என்றாள் வீரம்மா.

நல்லம்மாள் கைப்பையோடு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். முன்னறையில் கொழுந்தன் அர்ச்சுனன் லாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். ஆனாலும் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் இருந்த அந்த வீட்டில் காலைதோறும் இந்தத் தேடல் நடக்கும். அவன் வண்டியை எடுக்கும்வரை வீட்டிலுள்ள இரண்டு விதவைகளும் அவன் கண்ணில் படக்கூடாது. சாலையில் ஓடுகிற பிழைப்பாயிற்றே, சகுனம் கெட்டுப்போனால் என்ன ஆவது? இரண்டு விதவைகளில் ஒருத்தி அவன் அண்ணன் மனைவி. இன்னொருத்தி அவனைப் பெற்றவள்.

யாரும் சொல்லாமலே வீரம்மா பத்து வருடமாக மகனுக்கு இப்படி ஒளிந்து நிற்கிறாள். புருஷன் போனபின் நல்லம்மாளும் அவளோடு ஒளியத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைமேல் பாசம் என்றால் இதுதான் என்று கிழவி மனசார நம்பினாள். அதனால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அன்றைக்கு நல்லம்மாள் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மெங்லெம்புவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஷரபுதீன் என்பவர், ஏழரைக்கு உள்ளே போகுமுன் ஒரு புத்தகம் தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் அவளுடைய வேலை போய்விடும்.

வேலை கிடைத்தே மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்றதில் பிழைப்பு இழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக, ஈப்போவில் ஒரு தமிழர் சங்கம் தொழிற்பயிற்சி நிலையம் திறந்திருந்தது. 1988-இல் யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் என்றுதான் சொன்னார்கள். சங்கமும் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியது. இரும்பைக் கடையும் இயந்திரத்துக்கு, கத்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று கட்டளை எழுதித் தரும் மென்பொருளும் இரண்டு டிஸ்கெட்டில் வந்து சேர்ந்தது. விளக்கப் புத்தகம் மட்டும் வரவில்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும், இப்போது கைவசம் இல்லை என்று கோலாலம்பூர் ஏஜெண்டு கைவிரித்துவிட்டான்.

நல்லம்மாள் கல்யாணத்துக்கு முன் பினாங்கில் ஆறு வருடம் கடைசல் இயந்திரம் ஓட்டியவள். இரும்பு அவளுக்குத் தெரியும், மென்பொருள் தெரியாது. நூலகத்தில் தேடினாள். கல்லூரிக்குப் போய்க் கேட்டாள். மாணவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். புத்தகக் கடைக்காரன் தட்டச்சுப் பாட நூலை எடுத்து நீட்டினான். கடைசியில், அதே மென்பொருளை வைத்திருந்த தொழிற்சாலையில் ஷரபுதீனைக் கண்டுபிடித்தாள். ஆயுத பூசையன்று வகுப்பு தொடங்கிவிட்டால் அவள் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்று செயலாளர் சதாசிவம் சொல்லியிருந்தார்.

அர்ச்சுனன் சாவியைக் கண்டுபிடித்துப் புறப்பட்டபோது ஏழே கால். பஸ் போய்விட்டது.

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருந்த கடையில் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஷரபுதீன் வெளியே வந்து, காலையில் ஏன் வரவில்லை என்று கேட்டார். பஸ் லேட் என்று பொய் சொன்னாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் அவளில்லை, ஆனாலும் வெட்கம் என்னவோ அவளுக்குத்தான் வந்தது.

புத்தகத்தைத் திங்கட்கிழமை திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. சனியும் ஞாயிறும் தம் வீட்டுக்கே வந்து அதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார் ஷரபுதீன். அவர் மனைவி சக்கீனா சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஒழித்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் ஐந்து நோட்டுப் புத்தகம் நிரம்பியது. பையன்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால், எழுதும்போதே தமிழிலும் மலாயிலும் மாற்றிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சக்கீனா ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டாள். வாசலில் செருப்பு மாட்டுகிற வரைக்கும் சீர்த்தட்டைப் பிடிக்கச் சொல்லி நல்லம்மாளைக் கூப்பிட்டாள். நல்லம்மாள் எழுந்திருக்கவில்லை.

“நல்ல காரியத்துக்குப் போறீங்க. நான் புடிக்கலாமாக்கா?”

“கையில சுளுக்கா? வந்து புடி லா, நேரமாச்சு.”

தட்டைக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பியவள் வெகுநேரம் எழுதவில்லை. நான்கு வருடமாக அவள் கையில் யாரும் ஒரு சீர்த்தட்டைக் கொடுத்ததில்லை. அழுகை வந்தது. தாள் நனையாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

பூசைக்கு முந்திய வாரம் பன்னிரண்டு பையன்களும் வந்து சேர்ந்தார்கள். பொத்தானைத் தொடுமுன் கோட்டுத்தாளில் பாடம் ஆரம்பித்தாள். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பது யாருக்கும் பிடிபடவில்லை. உங்கள் வீட்டில் யார் ரப்பர் மரம் சீவினார்கள் என்று கேட்டாள். எல்லாக் கையும் உயர்ந்தது.

“பட்டைய ரொம்ப ஆழமா சீவுனா என்னாகும்?”

“மரம் காயமாயிரும் டீச்சர். பால் ஒழுங்கா வராது.”

“இங்க கத்தி ஒடஞ்சிரும். அம்புட்டுதான் பாடம்.”

சொந்தத் தொழில் மாதிரி அவர்களுக்கு அது புரிந்துபோயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக நல்லம்மாளுக்குத் தன்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

பூசைக்கு முதல் நாள் சதாசிவம் வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தியே பேச மாட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். மொதல் பொத்தானத் தலைவரோட சம்சாரம் அழுத்தட்டும். நீங்க பூசை முடிஞ்சு பன்னண்டு மணிக்கு மேல வாங்க. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. நாலு பேரு பேசுவாங்க, அதான்.”

இந்த வழக்கத்தையெல்லாம் காப்பாற்றுவது நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நம்பிக்கை இல்லாத நல்லவர்கள் அதைவிடப் பொறுப்பாகக் காப்பாற்றுகிறார்கள்.

ஓரமாக நின்று டிஸ்கெட்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று நல்லம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். எந்தப் பொத்தான் என்று எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சதாசிவம் சொன்னார். எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை நிலையத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, உள்ளே மணி அடிப்பதைக் கேட்டாள். உள்ளே அரத்துக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நெற்றி நிறையச் சந்தனம். டிஸ்கெட்டும் ஆயுதம்தானே? உறையிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்கள். கறுப்பு அட்டையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு, உள்ளே பளபளப்பான தகடு. பொட்டு வைக்கவே செய்த இடம்போல இருந்தது. தலைவர் அப்பாவுவின் மனைவி நவமணி இரண்டு டிஸ்கெட்டிலும் அந்த இடத்தில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தாள். பிறகு சதாசிவம் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, டிஸ்கெட்டை உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தினாள். கரகரவென்று சத்தம் வந்தது. அடுத்த கம்ப்யூட்டரிலும் தள்ளிப் பார்த்தார்கள். அதுவும் கரகரத்து நின்றுபோனது.

சதாசிவம் சாலையைக் கடந்து ஓடிவந்தார்.

நல்லம்மாள் உள்ளே போனதும் பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். டிஸ்கெட்டை உருவிப் பார்த்தாள். அந்தத் தகட்டைக் கைவிரலால் தொட்டாலே கெட்டுவிடும். நகல் எடுக்க முடியாதபடி பூட்டிய மென்பொருள் வேறு. எல்லாம் போயிற்று.

“இத்தன நாளா இவதானே தொட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம் எங்க வெளங்கும்?” என்றாள் நவமணி. அந்த அறையில் ஒருவரும் அதை மறுக்கவில்லை.

ஏஜெண்டு மாற்று டிஸ்கெட்டு தருவதாக ஒப்புக்கொண்டு, நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பும்படி ஒரு பாரம் அனுப்பினான். பழுது எப்படி ஏற்பட்டது, அப்போது பயிற்றுநர் எங்கே இருந்தார் என்று அதில் இரண்டு கேள்வி. சதாசிவம் அதை அவளிடம் கொண்டுவந்தார். தன் கையிலிருந்து தண்ணீரில் தவறி விழுந்ததாக அவள் எழுதிவிட்டால் போதும், தலைவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், அவள் வேலைக்கும் பழுதில்லை என்றார். அவள் வாங்கி நிதானமாக எழுதினாள். அவர் படித்துப் பார்த்தார்.

“டிஸ்கெட்டின் மேல் சந்தனம் பூசப்பட்டது. பயிற்றுநர் அப்போது வெளியே பஸ் நிறுத்தத்தில் இருந்தார். அவர் விதவை என்பதால் உள்ளே வர அனுமதிக்கப்படவில்லை.”

“இத எப்பிடிம்மா அனுப்புறது? வேத்து ஆளு படிச்சா நம்ம மானம் போயிரும்.”

“எழுதுனதுனாலயா சார் மானம் போவுது?”

“வேலையும் போயிருமே.”

“தெரியும் சார்,” என்றாள். எழுதியதை அவள் திருத்தித் தரவில்லை.

தலைவர் கையெழுத்துப் போடவில்லை. பாரம் போகவில்லை, டிஸ்கெட்டும் வரவில்லை. பன்னிரண்டு பேரில் சிலர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். இரண்டு பேர் பாகான் டத்தோவில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலை வெட்டப் போனார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சங்கம் விசாரிக்கவில்லை. ஷரபுதீன் சொல்லி நல்லம்மாளுக்குக் கடைசல் வேலை கிடைத்தது. ஐந்து நோட்டும் அவள் பெட்டியில் கிடந்தன. கற்றுக் கொடுக்க ஆளில்லாமல் சில நாள் அவற்றைப் புரட்டிப் பார்த்து அழுதாள்.

அடுத்த வருடமும் நிலையத்தில் ஆயுத பூசை குறைவில்லாமல் நடந்தது. நல்ல நேரம் பார்த்து, நவமணி அம்மாள் முதல் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.