பத்தரைக்கு மணியடிக்கவில்லை

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கொள்கிறேன். பால்காரர் சிரித்துப் பேசினால்கூட இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று பாத்திரத்தை எட்டிப் பார்ப்பேன். முத்துமீனாவைப் பெற்ற பிறகு அது முற்றிப்போனது.

அவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேச்சு நாலைந்து வார்த்தைதான், ஆனால் படிப்பாள், எழுதுவாள். சத்தம் மட்டும் ஆகாது. பசுமலைப் பக்கம் இரண்டு பள்ளிக்கூடங்களில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, சிரித்த முகமாக சீட் இல்லை என்றார்கள். கடைசியில் திருமங்கலத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் ஒரு கண்டிஷன். அம்மா தினமும் துணைக்கு இருக்க வேண்டுமாம். "கவர்மெண்டு ரூலும்மா" என்றார் பழைய தலைமையாசிரியர். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே எனக்கு ஒரே வேலைதான். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பதுதான் அங்கே மணி. அடிப்பதற்கு முன் ஓடிப்போய் அவள் காதைப் பொத்த வேண்டும். ஓர் எட்டுப் பிந்தினாலும் பிள்ளை தலையை டெஸ்கில் மோதிக்கொள்வாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஓடுவேன்.

போன மாதம் புதுத் தலைமையாசிரியை வந்தார், சுபலட்சுமி டீச்சர். திங்கட்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தங்கப்பொண்ணு, நாளையிலருந்து நீங்க வர வேணாம்மா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

"ஏன் டீச்சர்?"

"உங்க பொழப்பும் கெடுதுல்ல. வீட்டப் பாருங்க."

யார் பெற்ற பிள்ளைக்கோ இவ்வளவு அக்கறையா? ராத்திரி சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பாண்டிராஜ், "நல்லதுதானடி" என்றார்.

"என்னத்த நல்லது? மணியடிக்கும்போது நான் இருக்க மாட்டேன். பிள்ள மோதிக்கிட்டு ரத்தம் வரும். எங்களால சமாளிக்க முடியலன்னு டிசியக் கையில குடுத்துருவாக. அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறுவீக?"

மனுஷன் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் பிள்ளையைக் கேட்டில் விட்டேன். டீச்சரே கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். நான் வீட்டுக்குப் போகிற மாதிரிப் போய், தெருவைச் சுற்றிவிட்டுப் பத்தேகாலுக்குத் திரும்பி வந்து, எதிரே இருந்த பால்பாண்டி டீக்கடையில் பன் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்னக்கா, சிஐடி வேலையா?"

"வாய மூடிக்கிட்டு டீயப் போடுடா."

பத்தரைக்கு இடைவேளை மணி. செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. மணியடிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வெளியே ஓடிவரும் இரைச்சல் கேட்கிறது. அடப்பாவிகளா, அப்படியானால் மணியடிக்காமல் என்ன செய்கிறார்கள்? என் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, அதை மறைக்கிறார்கள். டீ கிளாஸை அப்படியே போட்டுவிட்டு ஓடிக் கேட்டைத் தள்ளினேன்.

வராந்தாவில் அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி பச்சைக் கொடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வகுப்பு வகுப்பாகப் போனாள். குழாயடியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் முத்துமீனா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். காயம் இல்லை.

டீச்சர் வந்தார். "பயந்துட்டீங்களாம்மா? இன்னையிலருந்து மணி கிடையாது. எல்லா வகுப்புக்கும் கொடிதான்."

"நேத்தே சொல்லக்கூடாதா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் நான் விடவில்லை. "இம்புட்டுத்தானா டீச்சர்? ஒரு இரும்பத் தட்டாம இருந்தாப் போதும்னா, எதுக்கு எம்பிள்ள மூணு வருசம் மண்டைய உடைச்சுக்கிட்டா? அம்மா கூடவே இருக்கணும்னு ரூலுன்னாகளே?"

"அப்படி ஒரு ரூலே இல்லம்மா. தேடிப் பாத்துட்டேன். யாரோ வாயில சொன்னதுதான்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துக்கமெல்லாம் இல்லை, அத்தனையும் ஆத்திரம். முத்துமீனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்ற பிள்ளைகளோடு வகுப்புக்குள் போய்விட்டாள்.

டீச்சர் என் தோளைத் தொட்டார். "விடுங்கம்மா. இனிமே நான் இருக்கேன்ல."

அந்த வார்த்தையில் எனக்குக் கண்ணீர் நின்றுபோனது. எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"நீங்க நல்லவுக டீச்சர். அதான் பயமா இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"நல்லவுகளுக்கும் டிரான்ஸ்பர் வரும். நீங்க போன மறுநாளே அடுத்து வாரவுக கம்பியத் தூக்கிருவாக. வாயில சொன்னத நம்பி மூணு வருசம் உக்காந்தவ நான். இந்தப் பள்ளிக்கூடத்துல மணி கிடையாது, அம்மா துணைக்கு உக்கார வேண்டியதில்ல, இது முத்துமீனாவோட உரிமைன்னு எழுதிக் குடுங்க. இரக்கப்பட்டுன்னு எழுதாதீங்க."

டீச்சருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆபீஸ் அறைக்குப் போய்க் காகிதத்தை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். கையெழுத்துப் போட்டு, சீலைக் குத்தி நீட்டினார்.

"இப்பவாச்சும் நம்புறீங்களா?"

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"சீல் ஒரு ஓரமா மங்கலா இருக்கு டீச்சர். இன்னொருக்காக் குத்துங்க."