மதுமதிக்கு ஒரு முடிவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நானாக உட்காரவில்லை. என் தங்கை மதுமதி கேட்டாள். "நீ கதையில என்ன எழுதறியோ, திங்கக்கெழமை அதையே பண்றேண்ணா." கதை எழுதுகிறவனை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்கிறவளை என்னவென்று சொல்ல! (படித்தவள் வேறு.)

2

தொடக்கம் ஒன்று: பெங்களூரில், இருட்டறையில், சுவர்க்கோழியின்* நரம்பில் முடியைவிட மெல்லிய கம்பியைச் செருகி, அவள்... [வேண்டாம். பாடப்புத்தக வாடை.]

தொடக்கம் இரண்டு: ஆண் பூச்சி கத்தினால் பெண் பூச்சியின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனவள், இப்போது அதே ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரியாக உட்கார்ந்து, யாருடைய ஆராய்ச்சிக்கு எந்த அறை என்று கையெழுத்துப் போடுகிறாள். தற்காலிகப் பொறுப்புதான். அதை நிரந்தரமாக ஏற்றால் அவளுடைய பூச்சி அறை வேறொருவருக்குப் போய்விடும். மறுத்தால் மறுபடியும் பூச்சி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்குள் யோசிக்கவென்று ஊருக்கு வந்திருக்கிறாள்.

இதுவே இருக்கட்டும்.

(* ராத்திரியில் சுவரோரம் கிர்ரென்று கத்துமே, அந்தப் பூச்சிதான். நாமக்கல்காரர்கள் முட்டை விலை கேட்க வேண்டாம்.)

3

அம்மா வசந்தாமணிக்கு இதில் குழப்பமே இல்லை. "எதுக்கு சாமி மண்டைய ஒடைச்சுக்கற? பூக்கேட்டுப் பாத்தறலாம் வா."

சேந்தமங்கலத்தில் எங்கள் குலசாமி முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் பூச்சி, செவ்வரளி வந்தால் பதவி. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மதுமதியோ, "இன்னொருக்கா பாக்கலாமுங்களா?" என்றாள்.

"ஏனுங்க அம்மணி?"

"ஒருதடவ பாத்துட்டு முடிவுக்கு வரக்கூடாதுங்க. மூணு தடவையாச்சும் பாக்கோணும்."

பூசாரியின் முகம்... [வார்த்தை கிடைக்கவில்லை.] அப்படிக் கேட்கிற வழக்கமே இல்லை என்றார். அவள் விடவில்லை. இரண்டாவது தடவை செவ்வரளி! மூன்றாவதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். "சாமிக்கே பரிச்ச வெக்கறயா நீ? இனி உங்கண்ணனையே கேட்டுக்க, போ!"

அப்படித்தான் இது என் தலையில் விழுந்தது.

4

முடிவு அ: பதவியை உதறிவிட்டுப் பூச்சிகளிடம் ஓடுகிறாள். [சினிமா.]

முடிவு ஆ: பதவியை ஏற்கிறாள். அறையைக் காலி செய்யும் அன்று, பூச்சிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக... [என்னால் ஆகாது. தங்கச்சியாச்சே.]

5

மேலே உள்ள வரியில் நிற்கும்போதுதான் அவள் மாணவி இலக்கியா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டதாம். அறை கொதிக்கிறதாம், பூச்சிகள் மல்லாந்து கிடக்கின்றனவாம். ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கெஞ்சியும் ஒருத்தரும் அசையவில்லையாம்.

மதுமதி ஒரே ஒரு போன் போட்டாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நானே எழுந்து நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இலக்கியா மறுபடியும் கூப்பிட்டாள். "மேடம், ஏசி ஓடுது! ஒண்ணு கத்த ஆரம்பிச்சிருச்சு!"

போனை வைத்துவிட்டு மதுமதி அழுதாள்.

"நான் அதிகாரியா இருக்கறதாலதான் அதுக பொழைச்சுதுண்ணா. ஆனா அது கத்தறதக் கேக்கறதுக்கு இலக்கியாதான் அங்க இருக்கறா."

'முடிவு இ' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். விடிந்தால் திங்கள். பக்கத்து அறையில் அவள் காத்திருக்கிறாள். நீங்களே ஒன்று சொல்லுங்கள். நான் எழுதியது என்றே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.