நாளை லுஹருக்கு

நெர்மினுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. குளிர்காலம் முழுக்க அப்பாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்த தோள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் படிகளில் ஏறினாள். சுரங்க மலையூரான சோங்குல்டாக்கில் எங்கே போவதானாலும் படிதான். பாதிப் படியில் மினாரா ஒலிபெருக்கி கரகரத்தது.

"சுரங்கத் தொழிலாளி ரெம்சி காலமாகிவிட்டார். இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம்."

"இன்னைக்கா?" என்றாள் படியைப் பார்த்து. சித்தப்பா வேலைதான் இது. விடியலில் அப்பாவின் மூச்சு நின்றது. அவள் தாடையைக் கட்டி, கண்ணை மூடி, ஜன்னலைத் திறந்து நிமிர்வதற்குள் ஹய்ரி சித்தப்பா குல்லாவை மாட்டிக்கொண்டு ஓடியிருந்தார்.

பள்ளி முற்றத்தில் இமாமோடு நின்றுகொண்டிருந்தார் அவர்.

"யாரக் கேட்டு இன்னைக்குன்னு சொன்னீங்க?"

"மய்யித்த வச்சுட்டு யாரையாவது கேக்கணுமா? சீக்கிரம் அடக்குறதுதான் மரியாத."

"இல்காஸ் ஜெர்மனில இருக்கான், சித்தப்பா."

"தெரியும். ராத்திரி அவனுக்கு ஃபுட்பால் ஃபைனல். ஊர் பூரா அதத்தான் பேசுது. அவன் எப்படியும் லுஹருக்கு வந்து சேர முடியாது. வராதவனுக்காக எங்கண்ணன் காத்துக் கெடக்கணுமா?"

நெர்மின் கைபேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் கேட்ட ஊர் இந்நேரம் இணையத்தில் எழுதியிருக்கும். எவனோ ஒரு நிருபன் சொல்லித் தம்பிக்குத் தெரியக்கூடாது.

இல்காஸ் உடனே எடுத்தான். அக்கா இந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். அவள் பெயரைப் பார்த்தே புரிந்துவிட்டிருக்க வேண்டும்.

"எப்பக்கா?"

"விடியக்கால. தூக்கத்துலயே."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"கோச்சுகிட்ட சொல்லிட்டுக் கிளம்புறேன். சாயங்காலம் வந்துடுவேன்."

நெர்மின் கண்ணை மூடினாள். உள்ளூர்ப் பையன்கள் நிலக்கரிச் சகதியில் ஆடும் மைதானத்திலிருந்து போனவன். ஹாலந்தில் இரண்டாம் டிவிஷன். அப்புறம் ஜெர்மனி. அங்கே மூன்று வருஷம் பெஞ்ச். காமிரா பெஞ்ச் பக்கம் ஒருமுறை திரும்புமா என்று அப்பா தொண்ணூறு நிமிஷமும் டிவி முன்னால் இருமிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தேசிய அணிச் சட்டை கிடைத்த வருஷமே முழங்கால் கிழிந்தது. முடிந்தான் இனி என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்களை அப்பா தாய் தகப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். கால் தேறி அவன் ஆடப்போகும் முதல் ஃபைனல் இன்றைக்கு.

"இல்காஸ், இன்னைக்கு வந்தாலும் அப்பா முகத்தப் பாத்து அழுவ. நாளைக்கு வந்தாலும் அதே முகந்தான். விளையாடு."

"அக்கா..."

"முதல் ஆளா எறக்குறாங்களா?"

"ஆமா."

"அப்புறம் என்ன? நாளைக்கு லுஹருக்குள்ள வந்து சேரு. அதுவரைக்கும் யாரும் தோண்ட மாட்டாங்க."

போனை வைத்தாள். சித்தப்பாவின் முகம் சிவந்திருந்தது. "ஒரு பந்துக்காக மய்யித்தக் காக்க வைக்கிறியா? ஊர் சிரிக்கும்!"

"அப்பா முப்பது வருஷம் பூமிக்குக் கீழதான் இருந்தாரு. மேல ஒரு நாள் கூடுதலா இருக்கட்டும். இமாம் சார், குளிர்பெட்டி காலியா இருக்கா?"

இமாம் தாடியைத் தடவினார். "இருக்கும்மா. மகன் தூரத்துல இருந்தா ஒரு நாள் வைக்கலாம். ஆனா ரெண்டாவது தடவ அறிவிச்சு எனக்குப் பழக்கமில்லையே."

"இன்னைக்குப் பழகிக்குங்க."

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. நாளை லுஹருக்கு. மலைச்சரிவு முழுக்க ஜன்னல்கள் திறந்தன.

அன்றிரவு வீட்டு டிவி மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தது. பெண்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டு மெலாஹத் அக்கா யாசீன் ஓதினாள். ஆண்கள் கீழே காபிக்கடையில். சாவு வீட்டுக்காக டிவி சத்தத்தை அடைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்திருந்தது.

ஓதும் குரலைத் தவிர தெருவில் ஒரு ஓசை இல்லை. திடீரென்று கீழே நாற்காலிகள் ஒட்டுமொத்தமாகத் தரையில் இழுபட்டன. கத்தல் இல்லை. நூறு ஆம்பிளைகள் வாயைப் பொத்திக்கொண்டால் வருமே, அப்படி ஒரு முனகல் படியேறி வந்தது.

மெலாஹத் அக்கா வசனத்தை முடித்தாள். விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"யாரு போட்டா?"

ஜன்னலோரம் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "நம்ம இல்காஸ்தான்!"

"எந்தக் கால்?"

"இடது காலாம்."

"வேற எது இருக்கு அவனுக்கு?" என்றுவிட்டு மெலாஹத் அக்கா அடுத்த வசனத்தைத் தொடங்கினாள். குரல் முன்னைவிட ஓங்கியிருந்தது. பெண்கள் முக்காட்டுக்குள் அழுதார்களா சிரித்தார்களா, தெரியவில்லை. இரண்டுக்கும் தோள் ஒரே மாதிரிதான் குலுங்கும்.

அதற்குப் பிறகு கோல் விழவில்லை. ஹய்ரி சித்தப்பா செருப்போடு வீட்டுக்குள் ஓடிவந்தார். "கப்பு நம்மளுது! கோல் போட்டுட்டு ஓடல, ஆடல. நின்ன எடத்துல ரெண்டு கையையும் ஏந்தி எங்கண்ணனுக்கு துஆ கேட்டான்! ஜெர்மன்காரன் பூரா எந்திரிச்சு நின்னான்டி!" அப்போதுதான் தான் நிற்கும் இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்தினார். நெர்மின் அவரை உட்காரவைத்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கே இல்காஸ் பள்ளிவாசலுக்கு வந்துவிட்டான். கண் சிவந்து, கிளப் கோட்டோடு. அக்காவைக் கட்டிக்கொண்டான். பிறகு குளிர்பெட்டி அறைக்குள் போனான்.

முற்றம் கொள்ளாத கூட்டம். அப்பாவின் ஷிஃப்டில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். கண்ணிமை ஓரத்தில் கழுவினாலும் போகாத கரிக்கோடு. நெர்மின் பெண்களோடு சுவரோரம் நின்றாள். தொழுகை முடிந்ததும் இமாம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இவர் மேல உங்களுக்கு இருக்கிற உரிமைய விட்டுக்கொடுத்தீங்களா?"

"ஹலால்! விட்டுக்கொடுத்தோம்!"

மூன்று முறை கேட்டார். மூன்றாவதற்குப் புறாக்கள் கூரையைவிட்டுக் கிளம்பின. இல்காஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். குரல் உடைந்திருந்தது.

"என் மேல இருக்கிறதயும் விட்டுக்கொடுங்க."

"ஹலால்!" என்றது முற்றம்.

"நான் விடல."

முஹர்ரெம் மாமா. அப்பாவோடு ஒரே சுரங்கத்தில் கிடந்தவர். தடியை ஊன்றி முன்னால் வந்தார்.

"ரெம்சிக்கு எப்பவோ விட்டுட்டேன். செத்தவன்கிட்ட எனக்கு ஒரு பாக்கியும் இல்ல. உசிரோட நிக்கிறானே, இவனுக்கு விடல. நீ ஹாலந்துக்குப் போனியே, எந்தக் காசுலடா ப்ளேன் ஏறுன?"

"அப்பா குடுத்தாரு."

"அவன்கிட்ட ஏது? பென்ஷன்காரனுக்குக் குளிர்காலத்துக்குக் கரி தருவாங்கள்ல, என் பங்கு ஒரு டன். அத வித்துத்தான் உனக்கு டிக்கெட்டு."

நெர்மினுக்கு அந்தக் குளிர்காலம் ஞாபகம் வந்தது. முஹர்ரெம் மாமா வீட்டில் எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். அடுப்பு ரிப்பேர் என்று மாமி சொன்னாள்.

இல்காஸ் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். "நாளைக்கே லாரில பத்து டன் எறக்கச் சொல்றேன், மாமா."

"லாரிக்காரனா எனக்குக் கடன்பட்டான்? ஒரு டன் போதும். மூட்ட மூட்டயா நீதான் தூக்கணும், என் வீட்டு வாசல் வரைக்கும். வேற எவன் தூக்குனாலும் கணக்குல ஏறாது."

"யோவ், அவன் காலுக்குக் கோடிக்கணக்குல இன்ஷூரன்ஸ்யா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"காலுக்குத்தானே? முதுகு சும்மாத்தான இருக்கு."

முன்வரிசை சிரித்தது. இமாமும் சிரித்துவிட்டு இருமினார். பிறகு பெட்டி தோளுக்கு ஏறியது. இல்காஸ் முன்னால், எதிர்த்தோளில் ஹய்ரி சித்தப்பா. படிகளில் தோள் மாறி மாறி, யார் கையிலும் நிற்காமல் அப்பா இறங்கிப் போனார்.

சாயங்காலம் இல்காஸ் கிளம்பினான். வியாழக்கிழமை தேசிய அணியோடு சேர வேண்டும்.

முஹர்ரெமுக்கு இன்னும் ஒரு டன் கரி பாக்கி.