எழுபத்திரண்டுக்குக் கீழே

"ஏழாவதை அடிச்சிட்டியா? தள்ளு, நான் பாக்கணும்," என்று அத்தை கழுத்தை நீட்டினாள்.

பெண் நகர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் இரவலாகக் கொடுத்த பழைய லேப்டாப் சாப்பாட்டு மேஜைமேல் சூடேறி இரைந்துகொண்டிருந்தது. திரையில் பத்துக் கட்டங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படி நிரப்ப வேண்டிய பட்டியல் அது. மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். வாங்கிய மார்க்குக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதோடு சரி. மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இப்போது மணி மூன்றரை.

அத்தையின் கையில் ஒரு தாள் இருந்தது. அவள் மகன் எழுதிக் கொடுத்தது. அவனுக்குத்தான் இந்தப் பெண் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. படிப்பு முடிந்ததும் கல்யாணம். அவன் படித்தது எழுபத்திரண்டாவது ரேங்க் வாங்கிய கல்லூரி. தாளில் இருந்த பத்துமே எழுபத்திரண்டுக்குக் கீழே. பெண் படிக்கலாம், வேலைக்கும் போகலாம், சம்பளம் வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் கட்டிக்கொள்கிறவன் படித்த இடத்துக்கு மேலே ஒரு படி ஏறிவிடக் கூடாது. உயரத்தில் பார்த்தார்கள், வயதில் பார்த்தார்கள், இப்போது ரேங்க்கிலும் பார்க்கிறார்கள். இந்த மாப்பிள்ளை எழுதித் தரட்டும் என்றுதான் பதினோரு நாளாகப் பட்டியலைக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

"அத்தை, எட்டாவதா இருக்கிற காலேஜ்ல லேபைப் பூட்டியே வெச்சிருக்காங்களாம். நான் போன் பண்ணிக் கேட்டேன்."

"படிக்கிறவ எங்க இருந்தாலும் படிப்பா."

"அப்போ மேல இருக்கிற காலேஜ்லயே படிக்கிறேனே."

"பாத்தியாடா தம்பி, வாயை!"

தம்பி என்பது பெண்ணின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனிதர், அக்கா முன்னால் மட்டும் நாற்காலி நுனியில் உட்காருவார். வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்.

"அத்தை சொல்றதும் நியாயம்தானேம்மா. நாளைக்கு நாலு பேர் அவனைக் கேட்டா, உன் பொண்டாட்டி படிச்ச காலேஜ்ல உனக்கு எடம் கிடைக்கலையாமேன்னு கேட்டா, அவனுக்கு எப்படி இருக்கும்?"

"எனக்கு எப்படி இருக்கும்னு யாராவது கேட்டீங்களாப்பா?"

யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எந்தக் கல்லூரியில் எத்தனை ஆசிரியர்கள், போன வருஷம் கடைசியாக எந்த மார்க்குக்கு இடம் கிடைத்தது, லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும், ஹாஸ்டல் உண்டா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அவள் மார்க்குக்கு முதல் ஐந்தில் ஒன்று நிச்சயம். அந்த நோட்டு மேஜையில் மூடிக் கிடந்தது, அதன்மேல் அத்தையின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

பெண் எட்டாவதை அடித்தாள். ஒன்பதையும் பத்தையும் அடித்தாள். கண்ணீர் விசைப்பலகையில் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டாள்.

அம்மா இது எதிலும் தலையிடவில்லை. ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இன்று அரைநாள் லீவு. படிப்பு பத்தாவது, அதையும் மறந்துவிட்டாள் என்பதுதான் இந்த வீட்டுக்குத் தெரிந்தது. கரன்ட் ஆபீஸ் கடிதம் வந்தாலும் மருந்துச் சீட்டு வந்தாலும், "ஏங்க, இதுல என்ன போட்டிருக்கு?" என்று புருஷனிடம் நீட்டுவாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து விளக்கம் சொல்வார். அந்த ஐந்து நிமிஷம் அவருக்கு ராஜ மரியாதை. ஒருமுறை சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வேண்டிய மாத்திரையை முன் என்று படித்தார். அவள் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டுக்குப் பின்தான் கொடுத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

அத்தை திரையைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. மீட்டிங்கில் இருப்பான். அவளுக்கோ நாலரைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது.

"நீ வண்டில கொண்டு விடுடா. அவன் சரின்னதும் நீயே வந்து பட்டியலைப் பூட்டிடு. ஓடிபி உன் போனுக்குத்தானே வரும்? இவ ஒண்ணும் திருகுதாளம் பண்ண முடியாதே?"

"முடியாதுக்கா. நம்பர் வந்தாத்தான் பூட்டவே முடியும். பூட்டிட்டா அப்புறம் கடவுளாலகூட மாத்த முடியாது."

வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியதும் பெண் உடைந்து அழுதாள். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தைபோலத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அம்மா, எனக்கு மூச்சு முட்டுதும்மா. நான் என்ன திருடவா போறேன்? படிக்கத்தானே கேக்குறேன்?"

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேற வழியே இல்லையாடி?"

"ஒண்ணு இருக்கு. அது நமக்கு ஆகாது." பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தாள். முழுக்க இங்கிலீஷ். "பாதுகாவலரை ஒரு தடவை மாத்திக்கலாமாம். அப்பாவுக்குப் பதிலா உன்னைப் போட்டா ஓடிபி உன் போனுக்கு வரும். அதுக்கு நீ இங்கிலீஷ்ல ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் எழுதிடறேன்மா, நீ கையெழுத்து மட்டும் போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"நீ எழுதினா செல்லாது. பாதுகாவலர் தன் கைப்படத்தான் எழுதணுமாம். நீ விண்ணப்பத்துல எழுதியிருக்கிற எழுத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா அதையே தள்ளுபடி பண்ணிடுவாங்க."

"யாரும்மா சொன்னா?"

"அங்கதான் போட்டிருக்கே. மூணாவது பத்தி, ரெண்டாவது வரி."

பெண் திரையைப் பார்த்தாள். மூன்றாவது பத்தி, இரண்டாவது வரி. அம்மாவைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பிலிருந்து கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டால், காய் நறுக்கிக்கொண்டே அம்மா, "நாலாவது வரியைத் திரும்பப் போட்டுப் பாரு" என்பாள். தப்பு நாலாவது வரியில்தான் இருக்கும். குருட்டுவாக்கில் சொல்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே!

"அம்மா, நீ என்ன படிச்சிருக்கே?"

"பேனாவை எடு. மணி நாலாச்சு."

அம்மா உட்கார்ந்து எழுதினாள். பள்ளி ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு எழுத்தாக நடுங்கி நடுங்கிக் கையெழுத்துப் போடுகிறவள், இப்போது பேனாவைத் தூக்காமல் ஒரே ஓட்டமாக எழுதினாள். கல்வித் தகுதி என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு எழுதினாள்: பி.எஸ்ஸி., கணிதம், முதல் வகுப்பு.

"எங்கப்பா மறைச்சுட்டாரு," என்றாள் நிமிராமல். "மாப்பிள்ளை பன்னிரண்டாவது, அதுக்கு மேல படிச்ச பொண்ணு வேணாம்னு உங்க அத்தைதான் சொன்னாங்க. பத்தாவதுன்னு சொல்லிக் கட்டிக் கொடுத்தாங்க. மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

"இருபது வருஷமாவா?"

"இருபத்தொண்ணு. போட்டோ எடு."

லேப்டாப் கேமராவில் எடுத்த போட்டோ ஏறவில்லை. அளவு பெரிது என்று தள்ளியது. சின்னதாக்கி மறுபடி ஏற்றினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நாள், ஊரே அந்தத் தளத்தில்தான் விழுந்து கிடக்கிறது. நாலு இருபது. நாலு முப்பத்தைந்து. பெண் நகத்தைக் கடித்தாள், அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். நாலு நாற்பத்தொன்றுக்குப் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. பாதுகாவலர் மாற்றப்பட்டார்.

பெண் பத்துக் கட்டத்தையும் துடைத்தாள். நோட்டைப் பிரித்து முதல் கல்லூரியிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பது முடிந்தது.

"பத்தாவது?"

"உங்க அத்தானோட காலேஜைப் போடு," என்றாள் அம்மா. "ஒண்ணுமே கிடைக்கலேன்னா அதாவது இருக்கட்டும்."

அழுத முகத்தோடு பெண் சிரித்துவிட்டாள். பூட்டு என்ற பொத்தானை அழுத்தியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. வாசலில் வண்டி நின்றது.

"மாப்பிள்ளை சரின்னுட்டாரு, பூட்டிடலாம்!" என்று சொல்லிக்கொண்டே அப்பா உள்ளே வந்தார். கையில் போனைத் தயாராக வைத்திருந்தார். "என்ன, என் போனுக்கு நம்பர் எதுவும் வரலையே?"

அப்போதுதான் அம்மாவின் பட்டன் போன் மேஜைமேல் துடித்தது.

அவருக்கு எதுவும் விளங்கவில்லை. இங்கிலீஷில் மெசேஜ் வந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"இப்படிக் கொடு. நான் படிச்சுச் சொல்றேன்."

அம்மா போனைக் கொடுக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, எங்கேயும் திக்காமல், அந்த இங்கிலீஷ் மெசேஜைச் சத்தமாகப் படித்தாள். கடைசியில் இருந்த ஆறு எண்களையும் மகளைப் பார்த்துச் சொன்னாள். மகள் அடித்தாள்.

"நீ... நீ பத்தாவதுதானே?" என்றார் அப்பா.

"பத்தாவதுன்னாத்தான் உங்க வீட்டுல எடம் கிடைக்கும்னாங்க," என்றாள் அம்மா.

நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. திரையில் பட்டியல் பூட்டிக்கொண்டது.