மீன் தராசில் குணா

கடைசி ஐஸ் பெட்டியும் வண்டி ஏறிய பிறகு குணா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மீன் எடை போடும் தராசின் மேல் ஏறி நின்றான். தாம்பரம் மார்க்கெட்டில் அந்தத் தராசின் மேல் கூடை கூடையாகச் சங்கராவும் கானாங்கத்தையும் ஏறியிருக்கின்றனவே தவிர, மனிதன் ஏறியதில்லை. தராசுக்குச் சொந்தக்காரரான மொத்த வியாபாரி வீராசாமி நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி எண்ணைப் படித்தார்.

"எம்பத்தொம்பது. இன்னாடா, இது ஐஸோட சேத்தா, ஐஸ் போவவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குணாவும் சிரித்தான். "எழுதி வச்சிக்கோண்ணா. எட்டு வாரத்துல எம்பத்தொண்ணு காட்டறேன்" என்றான். வங்கியில் போட்ட பணத்தை எடுத்து வருகிறவன் மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான்.

குணா மீன் வெட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயது. விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டைக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தால் மதியம் ஒரு மணிக்குத்தான் எழுவான். அந்த எட்டு மணி நேரமும் இரண்டு கைகள் மட்டும் உழைக்கும். மற்ற உடம்பு முழுக்கச் சம்பளத்தோடு விடுமுறையில் இருக்கும். எட்டரைக்குச் சால்னாவில் ஊறிய நான்கு பரோட்டா. நாளுக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை. மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கமே கிடையாது என்று மாமியார் வீட்டில் பெருமையடித்துக்கொள்வார்கள். பரோட்டாக் கடைக்காரரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். தொப்பையை அவன் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அவன் மனைவி வேதாவும் நினைத்ததில்லை. புருஷன் இளைத்தால், பெண்டாட்டி ஒழுங்காகச் சோறு போடவில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசுகிற ஜனங்கள் அவர்கள்.

இப்போது இளைக்க வேண்டியிருப்பது வேதாவுக்காகத்தான். எப்போதோ வந்து போனதாக நினைத்த காமாலை, போகாமல் உள்ளேயே உட்கார்ந்து அவள் ஈரலைத் தின்றிருந்தது. இரண்டு வருஷமாகக் காலில் வீக்கம், வயிற்றில் நீர், கண்ணில் மஞ்சள். இனி மருந்துக்கு வழியில்லை, யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் பிழைப்பாள், கொடுத்தவருக்கு மிச்சம் வளர்ந்துவிடும் என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேதாவின் அண்ணனுக்கு ரத்த வகை சேரவில்லை. மகள் நிஷாவுக்குப் பதினாறு வயது, சட்டம் ஒப்பாது. குணாவுடையது சேர்ந்தது. அந்தச் சந்தோஷம் ஒரே ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் ஸ்கேனில் அவன் ஈரல் முழுக்கக் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. இந்த நிலையில் வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. எட்டு வாரத்தில் எட்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அதற்கு மேல் இந்த அம்மாவால் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

படத்தைக் காட்டி அவர் விளக்க ஆரம்பித்தபோது குணாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நாளுக்கு நூறு மீனின் வயிற்றைத் திறக்கிறவன் அவன். செக்கச்செவேலென்று கெட்டியாக இருக்கிற ஈரலையும் பார்த்திருக்கிறான், மஞ்சள் பூத்துத் தொளதொளவென்று விரலில் எண்ணெய் விடுகிற ஈரலையும் பார்த்திருக்கிறான். தன் வயிற்றுக்குள் இருப்பது இரண்டாவது ரகம் என்று தெரிந்தபோது அவனுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் வந்தது. அடுத்தவருக்குக் கொடுக்கிற சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவன் கறாரானவன்.

ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்று வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஈவ்லின் சிஸ்டர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி என்று அதில் வரிசையாக இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். "இதை விடுங்கண்ணா. உங்க வீட்ல என்ன இருக்கும், அதைச் சொல்லுங்க" என்றாள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காலையில் கேழ்வரகுக் கூழ், நீர்மோர் விட்டு. மதியம் பாதிச் சோறு, அதே அளவு கீரை. மீன் தினமும் சாப்பிடலாம், குழம்பில் மட்டும், வறுவல் கூடாது. பரோட்டாவும் சர்க்கரையும் அறவே கிடையாது. "ஜிம்முக்குப் போக வேண்டாம். தாம்பரம் ஸ்டேஷன்ல மேம்பாலப் படி இருக்குல்ல? அது போதும்" என்று முடித்தாள்.

அன்று சாயங்காலமே போனான். முதல் நாள் ஆறு தடவை ஏறி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பக்கத்திலேயே எஸ்கலேட்டரில் ஜனங்கள் போனைப் பார்த்தபடி சொகுசாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரத்தில் இருபது தடவை, நான்காவது வாரத்தில் நாற்பது. காலையில் வெட்டும்போதும் பலகையைத் தள்ளிவிட்டு, கட்டையை ஒரு மேஜைமேல் ஏற்றி நின்றுகொண்டே வெட்டினான். டீயைச் சர்க்கரையில்லாமல் வாங்கிக் குடித்த முதல் நாள், டீக்கடைக்காரர் வேதாவின் உடம்பு எப்படியிருக்கிறது என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

மூன்றாவது வாரம் அவன் அம்மா அங்காளம்மாள் படப்பையிலிருந்து பஸ் பிடித்து, மடியில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினாள். திறந்தால் ஆட்டு ஈரல், மிளகு போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க வறுத்தது.

"ஈரலு குடுக்கப் போறவன் ஈரலு துன்னாதாண்டா ஊறும்" என்றாள். "கயித்து மேல லுங்கிய மாட்டி வச்சாப்ல நிக்கிறியே, பாக்கவே வவுறு எரியுது."

"எம்மா, என்னுதுல கீற எண்ணெய்யவே எறக்கிகினு கீறேன். நீ மேல ஊத்தாத" என்றான் குணா. அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அவள் ஈரலுக்கு எழுபது வயதிலும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனையையும் தானே தின்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

நான்காவது வாரம் தராசு எண்பத்து நாலரை காட்டியது. அன்று அவன் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் நிஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் போடுகிற பேன்ட்டை மாட்டிக் காட்டினான். இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளத்தது. அடுப்பு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த வேதாவிடம் நீட்டி, "ஒரு ஓட்ட போட்டுக் குடேன்" என்றான். வீட்டில் ஊசி, நூல், கம்பி வேலையெல்லாம் அவளுடையது. நிற்க முடியாவிட்டாலும் உட்கார்ந்தபடியே இன்னும் சமைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"உனுக்கு வோணும்னா நீயே போட்டுக்கோ. என் கையால போட மாட்டேன்" என்று அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷன் இளைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பேன்ட்டைச் சணல் கயிறால் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எடை நகரவில்லை. ஐந்தாவது வாரம் அதே எண்பத்து நாலரை. ஆறாவது வாரம் எண்பத்தைந்து. படி ஐம்பதாகியும், சோற்றைக் கால்வாசியாக்கியும் பிரயோஜனமில்லை. தராசில் கோளாறு என்று வீராசாமி ஒரு கூடை மீனை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டே வாரம். எத்தனை நாளாகக் குணாவைப் பார்க்கிறோம், அவன் முகம் இப்படிச் சுண்டிப் பார்த்ததில்லை என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே கூழைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவினான். தண்ணீர் சொம்பின் உட்புறத்தில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. விரலால் தடவிப் பார்த்தான். வழுக்கியது. இருபது வருஷமாகத் தினமும் எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டு மீன் கொழுப்பைக் கையிலிருந்து தேய்த்து எடுக்கிறவன். விரலில் இருப்பது கொழுப்பா இல்லையா என்பதில் அவனை ஏமாற்ற முடியாது. சொம்பை எடுத்து வந்து வேதாவின் முன்னால் வைத்தான்.

"இன்னா போட்ட கூழுல?"

வேதா சொம்பைப் பார்த்தாள். பிறகு, நிஷா பள்ளிக்கூடம் போய்விட்டாளா என்று வாசலைப் பார்த்தாள். "தேங்காப் பாலு. கொஞ்சம் வேர்க்கல்ல அரைச்சி ஊத்துனேன். கீரையில நெய்யி."

"எத்தினி நாளா?"

"எம்பத்து நாலரன்னு சிரிச்சிகினு வந்தியே, அன்னிலேர்ந்து."

அவனுக்கு வந்த கோபத்தில் சொம்பைச் சுவரில் அடித்திருப்பான். அவள் கண்ணின் மஞ்சளைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அவளே பேசினாள். "ஒரே நாள்ள ரெண்டு பேரையும் படுக்க வச்சி அறுப்பாங்களாம். நா எழுந்துக்கலன்னா போவுது. நீயும் எழுந்துக்கலன்னா நிஷாவுக்கு யாரு? ஸ்கேன்ல சரியா வரலன்னா யார் மேலயும் தப்பு இல்ல பாரு. டாக்டரே வேணான்ட்டாருன்னு வூட்டுக்கு வந்துடலாம்."

"அறுக்கறதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரியும்யா. நாளுக்கு நூறு அறுக்குற. நீ அறுத்ததுல எதுனா ஒண்ணு எழுந்து போயிருக்குதா?"

குணா சொம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மேம்பாலத்துக்குப் போனான். அது காலை எட்டு மணி. ஆபீஸ் போகும் கூட்டம் அவன் மேல் மோதிக்கொண்டு இறங்கியது. எத்தனை தடவை ஏறினோம் என்று அன்று அவன் எண்ணவில்லை. அவள் தன்னைக் கெடுக்கப் பார்க்கவில்லை, காப்பாற்றப் பார்த்திருக்கிறாள் என்பது ஏறும்போது புரிந்தது. அதற்கு அவள் கொடுக்கிற விலை எது என்பது இறங்கும்போது புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற வழியில் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கால் கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

முக்காலியை அவளோடு சேர்த்து மெதுவாக நகர்த்தி ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுப்பு முன்னால் நின்றான். "மீனு வலையில மாட்டிகினு வருது. நா என் காலால நடந்து போய்ப் படுக்கறேன். எழுந்துப்பேன்" என்றான். "இனிமே அடுப்பு என்னுது. நீ வாயால மட்டும் சொல்லு."

அவள் சொல்லவில்லை. முதல் நாள் குழம்பு அடிப்பிடித்தது, புளி கூடிப்போனது. வேதாவுக்கு உப்பு ஆகாது, அவனுக்கு எண்ணெய் ஆகாது. எதற்கு இரண்டு சட்டி என்று உப்பும் எண்ணெயும் இல்லாமல் ஒரே சட்டியில் வைத்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நிஷா ஒரு வாய் வைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஊறுகாய் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது நாள், அவன் நெத்திலியைக் கொதி வருவதற்கு முன்பே போடப் போனபோது, ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அய்யே, இப்பவே போட்டா கரைஞ்சிடும். பூண்டு வெந்துச்சா பாரு மொதல்ல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயந்தான். பூண்டை நசுக்கிப் பார்த்து, "இன்னும் வேவல" என்றான்.

எட்டாவது வாரத்தின் கடைசி நாள் தராசில் ஏறியபோது எண்பத்திரண்டு புள்ளி மூன்று. வீராசாமி எண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எம்பத்தொண்ணுன்னே வச்சிக்கலாண்டா, சேதாரம் போவ" என்றார். "ஸ்கேன் மிஷினு சேதாரம் கழிக்காதுண்ணா" என்று இறங்கினான் குணா. ஆனால் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. உள்ளே இருக்கிறது சிவந்திருக்கும் என்று அவன் நம்பினான். சாயங்காலம் மேம்பாலத்தில் அறுபது தடவை ஏறினான்.

மறுநாள் விடிகாலை ஸ்கேனுக்குக் கிளம்பப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு சணல் கயிற்றைத் தேடினான். கிடைக்கவில்லை. ஆணியில் பெல்ட் மட்டும் தொங்கியது. எடுத்துப் பார்த்தான். பழைய ஓட்டைகளைத் தாண்டிப் புதிதாக ஒன்று இருந்தது. விளிம்பு கருகி, வட்டமாக, கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கினது. மூக்கருகே கொண்டுபோனால் கருகின வாசனை இன்னும் அடித்தது. வேதா புடவை மாற்றி, ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப உள்ள தள்ளிப் போட்டுகீறியே" என்றான்.

"எம்பத்தொண்ணுக்குப் போட்டேன்" என்றாள் வேதா.

மூச்சை இழுத்து, வயிற்றை எக்கி, கொக்கியை அந்த ஓட்டைக்குள் மாட்டினான். மாட்டியது.

ஸ்டேஷனில் எஸ்கலேட்டருக்கு முன்னால் வேதா நின்றுவிட்டாள். ஓடுகிற படியில் கால் வைக்க அவளுக்கு எப்போதும் பயம். அவன் வழக்கமாக ஏறும் படிகள் பக்கத்திலேயே காலியாக இருந்தன. அன்று அவன் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் தோளை அணைத்து, ஒன்று, ரெண்டு என்று சொல்லி ஒரே படியில் இரண்டு பேருமாகக் கால் வைத்தார்கள். தடுமாறியவள் கைக்கு எட்டியதைப் பிடித்தாள். அது அவன் இடுப்பில் அரை முழத்துக்கு மிச்சமாகத் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டின் நுனி. அதை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மூச்சை விட்டால் ஓட்டை கிழிந்துவிடுமோ என்று வயிற்றை எக்கிப் பிடித்தபடியே குணா அவளோடு மேலே போய்க்கொண்டிருந்தான்.