கண் மூடிக் கேட்ட கச்சேரி

கச்சேரிக்கு இருபத்தைந்து பேர் வேண்டும். கல்லூரி விதி அப்படி. பகுதி நேரமாக முதுகலை இசை படிப்பவர்கள் கடைசித் தேர்வாக ஒரு மணி நேரம் பாட வேண்டும். இருபத்தைந்து பேராவது முடியும்வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பு செல்லாது. அவளுக்கு ஐந்தாவது வருடத்தில் பதினோரு நாள் பாக்கி.

கணவன் விரல் விட்டு எண்ணினான்.

"நான், அம்மா, அக்கா, அத்தான். நாலு."

"அத்தான் பாட்டு கேக்க வருவாரா?"

"தூங்க இடம் இருக்குன்னு சொன்னா வருவார்."

"உங்கம்மா?"

"வருவாங்க. கடைசி வரைக்கும் உக்காருவாங்களான்னு மட்டும் கேக்காத."

ஏழுக்கு மேல் விரல் நகரவில்லை. அரங்கின் மாலை நேரங்களையெல்லாம் முழுநேர மாணவர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது புதன்கிழமை காலை பத்து மணி. அந்த ஏழில் ஆறு பேருக்கு அது வேலை நேரம். ஏழாவது ஆள் மாமியார்.

அவளுக்கும் அது வேலை நேரம்தான். ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசை அவளுடையது. லீவெல்லாம் வகுப்புகளிலேயே கரைந்துவிட்டது. மறுநாள் அந்த மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் எதிரே பார்த்தாள்.

நான்கு வரிசை நாற்காலிகள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருப்பவர்கள். பேப்பர் படிக்க முடியாது. போன் பார்க்க முடியாது. எழுந்து போகவும் முடியாது. எண்ணினாள். முப்பத்திரண்டு.

கச்சேரியைக் கல்லூரிக்கு வெளியிலும் நடத்தலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது.

டாக்டரிடம் போய் நின்றாள்.

"நல்லா பாடுவியா?" என்றார் டாக்டர்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டர் பரீட்சை."

"பாடிக்கோ. ஆனா டோக்கன் நிக்காது. பன்னண்டு மணிக்கு எனக்கு ஆபரேஷன் இருக்கு."

புதன்கிழமை தேர்வாளர் வந்தார். மதிப்பெண்ணை வெட்டுவதில் பெயர் வாங்கியவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்திரி. இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து மதிப்பெண் படிவத்தை மடியில் விரித்தார். சுற்றிலும் பார்த்தார். அன்றும் முப்பத்திரண்டு பேர், எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். சிலர் கன்னத்தில் நீர் வழிந்தது.

"நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா?"

"மருந்து மேடம்."

மேசைமேல் 'பதினோரு மணிக்கு வரவும்' என்ற அட்டையை வைத்தாள். போனில் சுருதியை ஓடவிட்டாள். முதல் பாட்டு நல்லபடி போனது. இரண்டாவது பாட்டு நிதானமாகப் பாட வேண்டியது. அதை எடுத்தபோது உள்ளே கதவு திறந்தது.

"டோக்கன் ஒண்ணு!" என்றாள் நர்ஸ்.

ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார். முப்பத்தொன்று.

"டோக்கன் ரெண்டு!"

அதற்குப் பிறகு அவள் தாளத்தை எண்ணவில்லை, தலைகளை எண்ணினாள். ஆள் குறையக் குறையப் பாட்டு ஓடியது. மூன்று போனது, நான்கு போனது. இருபத்தாறுக்கு வந்தபோது சொற்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. தேர்வாளரால் கேட்கச் சகிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நர்ஸுக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். சொட்டு மருந்தோடு வரிசையில் வரும்போது முகம் பார்க்க மாட்டாள், இமையைத்தான் பார்ப்பாள். மூடியிருந்தால் மருந்து.

"மேல பாருங்க" என்று தேர்வாளரின் மோவாயைத் தூக்கினாள். வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று. "துடைக்காதீங்க."

தேர்வாளர் அலறினார். முப்பது வருடப் பழக்கம், அலறலும் சுருதியோடு சேர்ந்தே வந்தது.

டாக்டர் ஓடிவந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "பயப்படாதீங்க. நாலு மணி நேரம் மங்கலாத் தெரியும், அவ்வளவுதான்."

"இந்தப் படிவம் ஒரு மணிக்கு காலேஜ் ஆபீஸ்ல இருக்கணும். யாரு எழுதுறது?"

"நான் எழுதுறேன் மேடம்" என்றாள் நர்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எழுது. குரல் நல்ல குரல். முதல் பாட்டு சரி. ரெண்டாவது, பஸ்ஸை விட்டவ ஓடுற மாதிரி ஓடுறா. ஐம்பத்தெட்டு."

தேறுவதற்கு அறுபது வேண்டும். ஐந்து வருடம். இரண்டு மதிப்பெண்.

முன்வரிசையில் ஒரு தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, ஒரு வார்த்தை. நர்ஸ் டோக்கன் கூப்பிடக் கூப்பிடத்தான் அந்தப் பொண்ணு வேகம் எடுத்துச்சு. எனக்குக் கண்ணுதான் மூடியிருக்கு, காது திறந்துதான் இருக்கு."

"உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலதான்."

தேர்வாளர் அவள் இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்தார். "அப்படியா?"

"இருபத்தஞ்சுக்குக் கீழ போனா பரீட்சை செல்லாதுல்ல மேடம். இன்னும் ரெண்டு பேர் எழுந்தா முடிஞ்சுது."

தேர்வாளர் முகத்தை நிமிர்த்தினார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"இப்ப எனக்கு உன் முகமே தெரியல. இதுல எத்தனை பேர் இருக்காங்கன்னு நான் எங்க எண்ணுறது? இன்னும் இருவது நிமிஷம் இருக்கு. அந்தப் பாட்டைத் திருப்பிப் பாடு."

அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சொல்லை எடுத்து, அடுத்த சொல்லுக்கு அவசரமில்லாமல் போனாள். நடுவில் கதவு திறந்தது. "டோக்கன் ஏழு" என்றாள் நர்ஸ், இம்முறை கிசுகிசுப்பாக. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது.

"அடிச்சிட்டு எழுது" என்றார் தேர்வாளர். "அறுபத்து மூணு."

"அறுபத்தஞ்சாப் போட்டுடுங்களேம்மா" என்றார் தையல்காரர்.

"எழுபது!" என்றது பின்வரிசை.

"இன்னொரு குரல் வந்தா ஒண்ணு குறைப்பேன்."

கூடம் கப்சிப். நர்ஸ் எழுதினாள். பிறகு தேர்வாளரின் விரலைப் பிடித்துக் கட்டத்தின் மேல் வைத்தாள். கையெழுத்து கட்டத்தில் தொடங்கி, முகவரியைத் தாண்டி, தாளின் ஓரத்தில் போய் நின்றது. பாடியவள் படிவத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த டாக்டரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல், ஒரு மணிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேரச் செருப்பைத் தேடினாள்.