வேலியைப் பார்த்த கதவு

வேலைத்தளத்தில் அவளைச் சைகைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் ஓட்டுகிறவன் உச்சியில் உட்கார்ந்திருப்பான். கீழே நடப்பதில் பாதி அவன் கண்ணுக்குத் தெரியாது. தூக்கு, இறக்கு, நில் என்று கீழிருந்து கையால் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஓட்டுகிறவன் அவளுடைய கொழுந்தன். எட்டு வருஷம் அவள் கையைப் பார்த்தே சுமை தூக்கினான். பிறகு அவள் வந்த பேருந்து கவிழ்ந்தது. இரண்டு வருஷம் கழித்துச் சக்கர நாற்காலியில் வந்து பழைய வேலையைக் கேட்டாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"சைகை காட்டக் கை போதும், ஒத்துக்கறேன். ஆனா இங்க இருக்கற கழிவறைக்கு மூணு படி. நாள் பூரா என்னம்மா பண்ணுவீங்க? திங்கக்கிழமை காலையில உங்களுக்குத் தோதா ஒண்ணு இருந்தா வேலை உங்களுக்கு. இல்லேன்னா ஆபீஸ்ல மேஜை போட்டுத் தரேன். போன் எடுங்க."

போன் எடுப்பதாம்! பத்து டன் இரும்பைச் சுட்டுவிரலால் நகர்த்தியவள் அவள். அந்த மேஜைக்குப் போனால் மறுபடி வெளியே வர விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள்.

அன்றைக்கே, விழாக்களுக்கும் வேலைத்தளங்களுக்கும் கழிவறை வாடகைக்கு விடுகிறவரைக் கூப்பிட்டாள்.

"சக்கர நாற்காலி உள்ள போற மாதிரி ஒண்ணு வேணும்."

"பெருசு. ஒரு குடும்பமே நிக்கலாம். எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

"ஒருத்திக்கா?"

"ஒருத்திக்குத்தான். ஏன், கூட்டமா போகணுமா?"

அதன்பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். வாசலில் படி கூடாது, தரையோடு தரையாக இருக்க வேண்டும். உள்ளே நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஐந்தடி. இரண்டு பக்கமும் பிடித்து எழும்பக் கம்பி. தாழ்ப்பாள் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில். ஜல்லியில் சக்கரம் புதையும் என்பதால், வழி நெடுகப் பலகை போடத் தளத்து ஆட்களிடம் சொன்னாள். எதையும் விடவில்லை. அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

கழிவறை ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது. தளத்தில் காவலாளி மட்டும் இருந்தார்.

திங்கள் காலை அவள் போய்ப் பார்த்தாள். புத்தம்புதுசு, பளபளவென்று, பலகை போட்ட பாதையின் முடிவில் நின்றது. கதவைத்தான் காணவில்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால், கதவு வேலியைப் பார்த்தபடி இருந்தது. கதவுக்கும் வேலிக்கும் நடுவே இரண்டடி. நடக்கிறவர்கள் ஒருக்களித்துப் போகலாம்.

வாடகைக்காரரிடம் போனில் கேட்டாள்.

"எப்பவும் அப்படித்தாம்மா வைப்போம். உள்ள போறதும் வர்றதும் நாலு பேர் கண்ணுல படக் கூடாதுல்ல? பதினாறு வருஷமா இதான் எங்க மரியாதை. ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"உள்ளேயே போக முடியலைன்னா கண்ணுல எப்படிங்க படும்?"

"அதுவும் சரிதான். திருப்பி வைக்க வண்டி புதன்கிழமைதான் வரும்."

மேலாளர் வந்து வேலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் அதே அன்பு. "மேஜை தயாரா இருக்கும்மா," என்றார்.

அவள் இப்போதைய சைகைக்காரரிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கினாள்.

"தம்பி, ஒரு சுமை இருக்கு."

"என்ன அண்ணி?"

"கழிவறை. தூக்கித் திருப்பி வைக்கணும்."

"தூக்கறேன். ஆனா இப்ப இருக்கற சைகைக்காரரை நம்பித் தூக்க மாட்டேன். மனுஷன் ஈ ஓட்டற மாதிரி கையாட்டறார். தொட்டியில மருந்து கலந்த நீலத் தண்ணி ரொம்பி இருக்கும், சாய்ஞ்சா போச்சு. நீங்க காட்டுங்க."

மேலாளர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், சுமை வருது," என்றாள். அவரும் தள்ளி நின்றார்.

ஈ ஓட்டுகிறவர் கிரேன் கொக்கியிலிருந்து தொங்கிய வார்களை நான்கு மூலையிலும் மாட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை அவிழ்த்து மாட்டச் சொன்னாள். திருப்புவதற்கு ஒரு கயிற்றையும் கட்டி அவர் கையில் கொடுத்தாள். பிறகு முழங்கையை மடக்கி, விரலை மேலே நீட்டி, சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். கழிவறை ஓர் ஆள் உயரம் எழும்பியது. தளத்தில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வாய் பிளந்து நின்றார்கள். கயிற்றை இழுக்க, அது அரை வட்டம் திரும்பியது. விரல் கீழே. மெல்ல. இன்னும் மெல்ல. முஷ்டியை மூடினாள், நின்றது. தரையில் உட்கார்ந்தபோது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"சரியா இருக்காம்மா?" என்று கேட்டார் மேலாளர்.

"உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்," என்று அவள் பலகைமேல் உருண்டு போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டாள். வந்த காரியத்தையும் பார்த்தாள், அழவும் அழுதாள். இரண்டுக்கும் இடம் தாராளமாக இருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "அண்ணி, அடுத்தது கம்பிக் கட்டு. தூக்கவா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் வெளிய வர்ற வரைக்கும் எதையும் தொடாத."

நாற்பது பேர் வேலை செய்யும் தளம், மேலாளர் உட்பட, அவள் கை கழுவி வரும்வரை காத்திருந்தது.